காலைத் துண்டும் மத்தியானத் துண்டும்

என் மேசைமேல் இப்போது ஒரே ஒரு கறுப்புத் துண்டுதான் இருக்கிறது. போன பங்குனி வரை இரண்டு இருந்தன. இரண்டும் உள்ளங்கை அகலம். ஒரே பாலிதீன் சுருளிலிருந்து அடுத்தடுத்து கத்தரியால் வெட்டியவை. வெட்டும்போது இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. பிற்பாடு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாலே எது எதுவென்று சொல்லிவிடலாம். ஒன்றின்மேல் விரல் நிற்காமல் வழுக்கும். மற்றது மங்கிப்போய், மாட்டு நாக்கு மாதிரி சொரசொரக்கும். அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அங்கங்கே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். முதலாவது விடியற்காலையில் தேய்த்தது. இரண்டாவது அதே நாள் மத்தியானம் தேய்த்தது. இரண்டையும் தேய்த்தவர் என் மாமா. வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன குப்பை என்பார்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் எழுந்து போக நேரமாகும். அதனால் பெரும்பாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேந்தமங்கலத்துக்கு இந்தப் பக்கம், கொல்லிமலை கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் சேகோ ஆலை வைத்திருந்தார். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோல் சீவி, கழுவி, அரைத்து, பாலெடுத்துத் தெளியவிட்டு, உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. கேட்பதற்கு என்னவோ பாயசம் மாதிரி இருக்கும். ஆனால் கிழங்கு கழுவிய தண்ணீரும் பால் தெளிந்தபின் மேலே நிற்கிற தண்ணீரும் சேர்ந்து நாலு நாள் நின்றால் வருகிற நாற்றம் இருக்கிறதே, அந்தக் காலத்தில் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் பஸ்ஸில் போனவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டு வருகிறவர்கூட எந்த ஊர் வந்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். மாமாவுக்கு மட்டும் அது நாறாது. "இது நாத்தமில்ல மாப்ள, வருமானம்" என்பார். அக்கா மகனான என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. மாப்ளதான். குரல் எப்போதும் ஒரே உயரம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் அடுத்த காட்டில் வேலை செய்கிறவருக்குக் கேட்கும்.

அந்தத் தண்ணீரை ஆலைக்குப் பின்னால் வெட்டிய ஒரு குட்டையில் விட்டுக்கொண்டிருந்தார். வெறும் மண் குட்டை. அந்தப் பக்கம் செம்மண்ணும் சரளையும். ஊற்றியதெல்லாம் கீழே இறங்கியது. இறங்கியது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. குட்டைக்குக் கிழக்கே, வரப்புக்கு அந்தப்புறம் பெரியம்மாவின் தோட்டம். பெரியம்மா மாமாவுக்குப் பெரியப்பா மகள், என் அம்மாவைவிட மூத்தவர், அதனால் எனக்குப் பெரியம்மா. அவர் கணவர் லாரி ஓட்டுபவர், போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். தோட்டம், கிணறு, பண்ணையம் எல்லாம் பெரியம்மா கையில். குடிப்பதும் அந்தக் கிணற்றிலிருந்துதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் லேசாகப் புளித்தது. அடுத்த கோடையில் வாயில் வைக்க முடியவில்லை.

பெரியம்மா சண்டைக்கு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு காதுகுத்துக்கு வந்தார். பந்தியில் மாமா உட்கார்ந்திருந்தார். இரண்டு இலை தள்ளி நானும் இருந்தேன். பெரியம்மா சேலை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்தார். மாமாவின் இலைப் பக்கத்தில் இருந்த டம்ளரில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, சொம்பிலிருந்து நிரப்பினார். நாற்றம் எனக்கே வந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். மாமா அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவைத்துச் சொன்னார்: "அக்கா, இனிமே குட்டையில இருந்து ஒரு சொட்டு உங்கெணத்துக்கு வராது. அதுக்கு மேலயும் நாறுச்சுன்னா ஆலயப் பூட்டிச் சாவிய உங்கையில குடுத்தர்றேன்." எப்போதும்போல உரத்துதான் சொன்னார். பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

சொன்னதைச் செய்யத் தெரிந்தவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் கால்வாய்க்கும் குட்டைக்கும் விரிக்கிற கறுப்பு பாலிதீன் ஷீட் வாங்கினார். அப்போது அது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. குட்டையை வற்றவைத்து, கல் பொறுக்கி, கரையைச் செதுக்கி, ஷீட்டை விரித்தார்கள். இரண்டு ஷீட் சேருகிற இடத்தில் செய்தித்தாளை மேலே போட்டுத் தேய்ப்புப் பெட்டியால் சூடுகாட்டி ஒட்டினார்கள். வெறும் ஷீட்டாக விட்டால் வெயில் தின்றுவிடும், ஆடுமாடு மிதித்துவிடும் என்று அதன்மேல் ஒரு முழம் மணல் போடச் சொல்லிக் கடைக்காரர் அனுப்பியிருந்தார். மலையடிவாரத்து ஓடையில் மணல் இருந்தது. பரப்புவதற்குத்தான் ஆள் வேண்டும். மாமா தன் களத்துப் பெண்களையே இறக்கினார்.

இந்த இடத்தில் களம் துழாவுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈர ஜவ்வரிசியைக் களத்தில் கொட்டிவிட்டு அப்படியே விட்டால் மேலே காய்ந்து அடியில் கட்டி பிடிக்கும். அதனால் பெண்கள் வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல், தரையோடு இழுத்து இழுத்து நடப்பார்கள். ஜவ்வரிசி இரண்டு பக்கமும் வரப்புபோல ஒதுங்கும். அடியில் இருந்தது மேலே வரும். திரும்பி வரும்போது மேலே இருந்தது அடிக்குப் போகும். நல்ல உச்சிவெயிலில்தான் இது நடக்கும். பார்க்க எளிதுபோல் தெரியும். நான் ஒருமுறை முயற்சி செய்தபோது சிரிப்பாய்ச் சிரித்து விரட்டிவிட்டார்கள். மாமாவின் களத்துப் பெண்கள் இதில் பேர்போனவர்கள். கோடு போட்ட நோட்டுபோல் இருக்கும் அவர்கள் துழாவிய களம். மாமா கரைமேல் நின்றுகொண்டு, "நம்ம ஜவ்வரிசி மாதிரியே தொளாவி உடுங்க சாமி, ஒரே மட்டமா இருக்கோணும்" என்றார். அவர்களும் சூடு தாங்கக் காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில், கறுப்பு ஷீட்டின்மேல் மணலை மெல்லிய அடுக்கடுக்காகத் துழாவினார்கள். காலையில் செய்யலாமே என்று யாரோ கேட்டதற்கு, காலையில் போட்டால் சரிவில் மணல் நிற்காமல் வழிந்து அடிக்குப் போகிறது, மத்தியானம் போட்டால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பதில் வந்ததாம். அதைக் கேட்ட எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஐப்பசியில் கிழங்கு வர ஆரம்பித்தது, ஆலை ஓடியது, குட்டை நிரம்பியது. தை பிறந்ததும் பெரியம்மாவின் கிணறு மறுபடியும் நாறியது.

நான் அப்போது சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோது மாமா என்னைக் கூட்டிக்கொண்டு வரப்பைத் தாண்டிப் பெரியம்மா கிணற்றுக்குப் போனார். அவர் பேசாமல் நடந்ததை நான் பார்த்தது அன்றுதான். ஆலையின் முன்வாசலில் கிழங்கு ஏற்றிய வண்டிகள் நின்றிருந்தன. பிடுங்கின கிழங்கு காத்திருக்காது, இரண்டு நாளில் நீலம் பாய்ந்துவிடும். வண்டிக்காரர்களை வேறு ஆலைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். பெரியம்மா கிணற்றுமேட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார், அதுவும் எங்கிருந்தோ குடத்தில் கொண்டுவந்த தண்ணீரில். மாமா மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். கைக்கு அடங்காத பழைய பூட்டின் சாவி. வேண்டாம் தம்பி, போ, நல்லபடியாகச் செய் என்று பெரியம்மா சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"குடு" என்றார் பெரியம்மா. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆலச் சாவி எனக்கெதுக்கு? நா என்ன சேகோவா ஓட்டப்போறேன்? சேதாரம் கெணத்துக்கு. கெணறே வெச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டிச் சாவியைக் கிணற்றுக்குள் போட்டார். விழுந்த சத்தம் மேலே வர நேரமாயிற்று. பெரியம்மா மறுபடியும் துணி அலச உட்கார்ந்துவிட்டார்.

ஆலைக் கணக்கர் அன்று மாலை மெதுவாக, "இன்னொரு சாவி ஆபீசுல இருக்குதுங்க" என்றார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கட்டுமுங்க" என்றார். பூட்டை உடைக்கவும் விடவில்லை. பருவத்தின் நடுவில் ஆலை நின்றது. அத்தை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிடிவாதம் என்று ஊரில் சொன்னார்கள். நானும் சொன்னேன். இன்றைக்கு யோசித்தால் பிடிவாதம்தான், வேறு வார்த்தை இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் குட்டையில் என்ன நடந்தது என்று யாரும் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆலை ஓடிக்கொண்டிருக்கிறபோது குட்டையை வற்றவைக்க முடியாதே.

முதலில் கடைக்காரர்மேல் பாய்ந்தார். செவ்வாய்ப்பேட்டைக் கடைவாசலில் நின்று, ஓட்டை ஷீட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று சத்தம் போட்டாராம். அதற்குப் பக்கத்துத் தெருவெல்லாம் சாட்சி. நான் மிச்சமிருந்த சுருளிலிருந்து கொஞ்சம் வெட்டி, மூட்டைபோலக் கட்டித் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன். நாள்கணக்கில் தொங்கியது. ஒரு சொட்டு கசியவில்லை. ஒட்டிய இடங்களும் நன்றாகவே இருந்தன. பிறகு குட்டையின் மணலைக் கையாலேயே ஒதுக்கி ஷீட்டைப் பார்த்தோம். பளபளவென்று விரித்த ஷீட் சாம்பல் பூத்துக் கிடந்தது. கீறல்கள் ஒழுங்கில்லாமல் இல்லை. ஜோடி ஜோடியாக, லேசாக வளைந்து, ஒன்றுக்கொன்று இணையாகப் போயின. எங்கேயோ பார்த்த கோலம் என்று தோன்றியது, எங்கே என்று சட்டென்று பிடிபடவில்லை. ஒரு துண்டை வெட்டி மாமா வானத்துக்கு நேரே பிடித்தார். பொத்தல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு மணலின் அளவு.

ஓடை மணல் கூரானது, அதுதான் காரணம் என்றேன் நான். மலையிலிருந்து கொஞ்ச தூரமே உருண்டுவந்த மணல், முனை மழுங்கியிருக்காது. காவிரி மணலாக இருந்தால் இப்படி ஆகாது என்று நீளமாக விளக்கினேன். மாமா கேட்டுக்கொண்டே போய்த் தெற்குக் கரையில் புளியமர நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கை சும்மா இருக்காது. மணலை ஒதுக்கி ஷீட்டைத் தடவினார். "மாப்ள, இங்க மட்டும் அய்யன் புண்ணியத்துல பளபளன்னு இருக்குது பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். உண்மைதான். மரநிழல் விழுகிற அகலம் வரைக்கும் ஷீட் புத்தம்புதிதாக இருந்தது. அந்தப் பக்கம் யாரும் மிதிக்கவில்லையோ என்று கேட்டேன். களத்துப் பெண்களில் மூத்தவள் ஒருத்தி சிரித்தாள். "அங்கதானுங் சாமி ரொம்ப மிதிச்சோம். அந்தப் பக்கம் மட்டும் மணலு நிக்கவே இல்லீங். போடப்போட வழிஞ்சுது. திரும்பத் திரும்பப் போட்டுத் தொளாவுனோம்."

அதிகம் மிதித்த இடம் அதிகம் தேயவில்லை. மணல் வழுக்கிய இடத்தில் கீறல் இல்லை. மணல் நன்றாக நின்ற இடமெல்லாம் பொத்தல். அதே மணல், அதே கால், அதே ஷீட். வேறாக இருந்தது வெயில் மட்டும்தான். மாமா அதைக் குலசாமி அய்யன் கணக்கில் எழுதினார். என் மனதில் வேறொன்று ஓடியது. பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் தினமும் செய்கிற வேலை ஒன்று உண்டு. இரண்டு பாதியாகப் பிரிகிற பித்தளைப் பெட்டியில் மண்ணை அடைத்து, மேலே எடை வைத்து, ஒரு பாதியைத் தள்ளி, எவ்வளவு பலத்தில் நழுவுகிறது என்று அளப்போம். எதன்மேல் எது எவ்வளவு பிடிப்போடு நிற்கும் என்பதற்கு அதுதான் கணக்கு. ஆனால் அந்தப் பெட்டி இருந்தது ஓட்டுக் கூரைக்குக் கீழே, மின்விசிறி சுற்றுகிற அறையில். அங்கே கோடையே கிடையாது. சித்திரை உச்சியில் ஒரு கறுப்பு ஷீட்டைத் தொட்டால் கை பொசுங்குகிறது. அதை எந்தப் பெட்டியிலும் நாங்கள் வைத்துப் பார்த்ததில்லை.

அதனால் பெட்டியை விட்டுவிட்டுக் களத்துக்கே போனோம். சுருளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒரு பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஆணி அடித்தோம். பனி இறங்கியிருந்த விடியற்காலையில், முதல் துண்டின்மேல் ஓடை மணலைத் தூவி, சாக்கு சுற்றிய செங்கல்லை அதன்மேல் வைத்து, கயிறு கட்டி மாமா இழுத்தார். நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. செங்கல் சர்ரென்று வந்தது. மணல் அடியில் உருண்டு ஓடியது. பிறகு பலகையை அப்படியே களத்தில் வெயிலில் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, உச்சியில் திரும்பி வந்தோம். இரண்டாவது துண்டில் அதே மணல், அதே செங்கல். இம்முறை முதல் இழுப்பிலேயே மாமாவின் முகம் மாறியது. "எரும மாதிரி முரண்டு புடிக்குதே" என்றார். இழுக்க இழுக்க ஒரு கரகரப்புச் சத்தம் வந்தது. காலையில் அந்தச் சத்தம் இல்லை. காலையில் இழுத்த அளவுக்கே இழுத்து முடித்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

ஆணியைப் பிடுங்கி இரண்டையும் வெயிலுக்குப் பிடித்தோம். சொல்ல வேண்டியதில்லை. ஷீட் குளிர்ந்திருக்கிறபோது கெட்டி. மணல் அதன்மேல் வழுக்கிப் போகும், கீறினாலும் மேலோடு. சூடேறினால் அது இளகுகிறது. மணலின் முனை உள்ளே இறங்குகிறது. இறங்கியபின் இழுத்தால் அது வழுக்காது, உழும். மாமாவுக்கு விளக்க இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. இறுகிய கரிசலில் ஏர் பிடித்தால் கொழு மேலேயே வழுக்கும். மழை பெய்து இளகியபின் பிடித்தால் ஆழமாக இறங்கும், மாட்டுக்கும் இழுப்பு அதிகம். மணலைச் சரிவில் நிறுத்திய பிடிப்பும் ஷீட்டைப் பொத்தலாக்கிய தேய்மானமும் இரண்டல்ல, ஒன்றுதான். நன்றாக நிற்கிறதே என்று சந்தோஷப்பட்ட இடங்களில்தான் உழவு நடந்திருக்கிறது. அந்த ஜோடிக் கீறல்களை எங்கே பார்த்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்த களத்திலேயே இருந்தது, துழாவிய ஜவ்வரிசியில்.

மாமா இரண்டு துண்டையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார். "நாந்தான மாப்ள தொளாவச் சொன்னேன்" என்றார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசியது அந்த ஒருமுறைதான். களத்து ஓரத்தில் நின்ற பெண்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததிலேயே சிறந்த வேலையைத்தான் அவர்கள் செய்தார்கள். மாமாவும் தன்னிடம் இருந்ததிலேயே சிறந்த ஆட்களைத்தான் இறக்கினார். கொஞ்சம் சோம்பேறி ஆட்களாக இருந்து மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தால் கிணறு தப்பித்திருக்கும். இதை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிப்போய்ச் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரரிடம், அதே வாசலில் நின்று, அதே சத்தத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதுச் சுருளோடு வந்தார்.

மாசி முழுக்கக் காலையில்தான் வேலை. விடிந்ததும் ஆரம்பித்து, வெயில் சுள்ளென்று விழுந்ததும் நிறுத்திவிடுவோம். காலையில் மணல் வழியத்தான் செய்தது. அதனால் கரையின் சரிவைப் பாதியாகப் படுக்கவைத்தோம். சாய்வு குறைந்தால் மணலுக்கு ஷீட்டைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமில்லை. இதெல்லாம் சுலபம். கஷ்டம் கால்தான். பிறந்ததிலிருந்து துழாவிய கால்களை எப்படித் தூக்கச் சொல்வது? நாலு எட்டு தூக்கி வைப்பார்கள், ஐந்தாவது எட்டு தானாக இழுபடும். மாமா கரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "காலத் தூக்கு! காலத் தூக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டில் சோறு பொங்குகிறவர்களுக்கும் கேட்டது. பெண்கள் கொக்குபோல நடந்து காட்டி அவரையே கேலி செய்தார்கள். அதற்குப்பின் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் சொல்லிவைத்ததுபோல ஒரு காலைத் தூக்குவார்கள்.

புதுக் குட்டையில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கோடை முழுக்கப் பார்த்தோம். வெயில் குடித்தது போக மட்டம் இறங்கவில்லை. அதன்பிறகுதான் மாமா சாவியைப் பற்றிப் பேசினார். பெரியம்மாவின் கிணற்றில் இரண்டு இன்ஜினைப் போட்டு இறைத்தார். இறைக்க இறைக்கக் கறுப்பாய், நுரையாய் வந்தது. அடிச்சேறு தெரிந்ததும் ஆட்கள் இறங்கத் தயாராக நின்றார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். ஆட்கள் கூடைகூடையாகச் சேறு தூக்கினார்கள், அவர் முழங்காலளவு சேற்றில் குனிந்து கையால் துழாவிக்கொண்டிருந்தார். மேலே நின்ற எங்களுக்கே குமட்டியது. வருமானம் என்று சொன்னவர் அன்று வாயைத் திறக்கவில்லை. கிணற்றை அடிவரை வழித்தபின் கடைசிக் கூடைக்கு முந்தின கூடையில் சாவி வந்தது. மாமா ஏறி வந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு. பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுதுக்கா."

அவ்வளவுதான் பேச்சு. பெரியம்மா, "ஊட்டுக்குள்ள வந்தறாத, மொதல்ல தண்ணி வாத்துக்க" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனார். நான் அழுதேன் என்று அத்தை பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். நாற்றத்தில் கண் எரிந்தது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பாததும் சரிதான்.

ஆடியில் மலையில் பெய்து கிணற்றில் புது ஊற்று ஊறியது. ஐப்பசியில் அந்தத் துருப்பிடித்த சாவியால் ஆலையைத் திறந்தார். அடுத்த தையை நாங்கள் எல்லோரும் ஒரு பயத்தோடுதான் எதிர்பார்த்தோம். தை வந்தது. பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம், பந்தியில் மாமா உட்கார்ந்திருந்தார், பெரியம்மா அதே சொம்போடு வந்தார். இம்முறையும் அவர் டம்ளரில் இருந்ததைக் கொட்டிவிட்டுச் சொம்பிலிருந்து ஊற்றினார். மாமா எடுத்து முகர்ந்துகூடப் பார்க்காமல் குடித்தார். "எப்படி இருக்குதுன்னு சொல்லமாட்டயா?" என்றார் பெரியம்மா. "உம்மக கல்யாணத்தன்னிக்கே ஊத்துனயே, அது போதுமக்கா. இன்னொரு டம்ளர் ஊத்து" என்றார் மாமா. எப்போதும்போல அடுத்த காட்டுக்குக் கேட்கிற குரலில்தான்.

இருவரும் இப்போது இல்லை. ஆலை கைமாறி, பிறகு நின்றுபோய், கோழித்தீவனக் கிடங்காகிவிட்டது. ஷீட்டும் மாறிவிட்டது. தடிமனாக, அடியில் கம்பளிபோல் ஒரு விரிப்போடு வருகிறது, இயந்திரத்தில் ஒட்டுகிறார்கள். வெயில் மாறவில்லை. போன பங்குனியில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். துண்டுகள் இரண்டும் பையில் இருந்தன, மாமாவின் பேரன் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். சாலையோரத்தில் புதிதாக வெட்டிய ஒரு குட்டை. கறுப்பு ஷீட் விரித்து, மத்தியானச் சூட்டில், ஏழெட்டுப் பேர் மணலைக் காலாலேயே இழுத்து இழுத்து மட்டம் செய்துகொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் கரைக்குப் போனேன். வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "காலத் தூக்கு!" என்று கத்தினேன். அந்தக் குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. குட்டைக்குள் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு ஆளுக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

குட்டைக்காரர் ஓடிவந்தார். நடுத்தர வயது, மரியாதையான மனிதர். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார். பதில் சொல்லாமல் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கிணற்றைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டேன். "பக்கத்துக் காட்டுக்காரங்களுதுங்க. பங்காளிங்கதான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லீங்க" என்றார். பையிலிருந்து மத்தியானத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, மத்தியானச் சூட்டில் மணலைக் காலால் இழுத்தால் ஷீட் இப்படி ஆகும், வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள் என்றேன். பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தடவிக்கொண்டே அந்தக் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். துண்டைத் திருப்பித் தர நினைவில்லை அவருக்கு. நானும் கேட்கவில்லை. குட்டைக்குள் இருந்தவர்களைப் பார்த்து, நாளைக்குக் காலையில் வாருங்கள் என்று அவர் சொல்வது நான் காரில் ஏறும்போது கேட்டது.

அதனால்தான் என் மேசைமேல் ஒன்று மட்டும் இருக்கிறது. காலைத் துண்டு. எழுதுகிறபோது பழக்கத்தில் கட்டைவிரல் அதைத் தேடிப் போகிறது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது.